தெலுங்கில் திட்டச் சொன்னவர்

1. ஈப்போவிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் போகும் பஸ் கிளம்பியது.
2. எனக்கு முன் இருக்கையில், ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார்கள்.
3. இளையவர் திடீரென்று, “அக்கா, என்னைத் தெலுங்குல கொஞ்சம் திட்டுங்களேன்,” என்றார்.

“என்னாடி, கிறுக்கு புடிச்சிருச்சா?”

“வீட்டுக்காரரு தவறினதுல இருந்து தெலுங்கு பேச ஆளில்ல. எல்லாம் மறந்துக்கிட்டே வருதுக்கா.”

“மவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாம்லா?”

“குடுத்திருந்தா, அவ முன்னால நானும் அவரும் எதுல சண்டை போட்டிருப்போம்?”

மூத்தவர் சிரித்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இளையவரும் விடவில்லை; குரல் உயர்ந்ததும் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

அப்போது இளையவரின் கைப்பேசி அடித்தது. மகள். உடனே தமிழுக்கு மாறினார்: “ஒண்ணுமில்லம்மா, பஸ்ல வாரேன்.”

அவர் பேசி முடித்ததும் மூத்தவர் கேட்டார்: “அவகிட்ட தெலுங்குல ரெண்டு வார்த்தை பேசுனா குறைஞ்சா போயிருவ?”

“அவளும்தான் சொல்லிக் குடுங்கம்மான்னு கேக்குறா. அவ குரலைக் கேட்டாலே வாய் தானா தமிழுக்குப் போயிருது. இருபது வருசப் பழக்கம்க்கா.”

“ஞாயித்துக்கிழமை நான் வாரேன். அவளை நடுவுல உக்கார வச்சே உன்னைத் திட்டுறேன்.”

“என்னான்னு திட்டுவீங்க?”

“அதை அவ கண்டுபுடிக்கட்டும்.”

ஹுத்தான் மெலிந்தாங்கில் இருவரும் இறங்கினார்கள். அன்று வியாழக்கிழமை. மகளுக்குத் தெலுங்கில் இன்னும் ஒரு வார்த்தையும் தெரியாது.