டொக்டர் கேட்ட கேள்விகள்

கொழும்புத்துறைக்குப் போகும் மினிபஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். தம்பிக்குப் புருவத்தில் தையல். அவன் கொழும்பில் சம்பளத்துக்கு ரக்பி விளையாடுகிறானாம், இது முதல் வருசமாம். கொண்டக்டர் கேட்காமலே அண்ணன் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தார்.

“அடிபட்டு எழும்பேக்கை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அண்ணை. ஆனா டொக்டர் கேட்டதுக்கெல்லாம் சரியாச் சொன்னனான்.”

“என்ன கேட்டவர்?”

“இது எந்த மைதானம், ஆரோடை விளையாடுறம் எண்டு. தலையிலை அடிபட்டா அதுதான் கேப்பினம். பிழையாச் சொன்னா வெளியிலை இருத்திப்போடுவினம்.”

“பிறகெப்பிடிச் சரியாச் சொன்னனி?”

“பக்கத்திலை நிண்டவன் காதுக்குள்ளை சொல்லித் தந்தவன். போன மாசம் அவனுக்கு நான் சொல்லிக் குடுத்தனான். புதுசா வந்த நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான். வெளியிலை இருந்தா அடுத்த வருசம் எடுக்கமாட்டாங்கள்.”

“விசரா!”

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

அண்ணன் அவனுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“சரி, இந்த பஸ் எங்கை போகுது? சொல்லு பாப்பம்.”

தம்பி யன்னலால் வெளியே பார்த்தான். சிரித்தான். பிறகு அண்ணனின் தோளோடு சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

“மெல்லமாச் சொல்லித் தாங்கோ அண்ணை.”