நீலப் புள்ளி

— முதல்ல கரைக்கு வாங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

— வர்றேன் சுசீலா. இது பின்பக்கமா உதைச்சு உதைச்சுத்தான் வரும். அவசரப்பட்டா ஒரே இடத்துல சுத்தும்.

— என்னத்துல உக்காந்திருக்கீங்க?

— டியூப். லோடர் வண்டி டயருக்குள்ள இருக்கற டியூப். நடுவுல சாக்குல சீட் தைச்சிருக்கு, கால் ரெண்டும் தண்ணிக்குள்ள. இப்படி மிதந்துக்கிட்டே மீன் புடிக்கறது.

— மீனா? நம்ம வீட்டுல முட்டை கூட வாங்கறதில்லையே சேது.

— நான் சாப்பிடறதில்ல. புடிக்கறதோட சரி.

— உங்களுக்கு நீச்சல் தெரியாது.

— அதுக்குத்தானே டியூப்.

— சிரிக்காதீங்க. ஷார்ஜாலேருந்து ராஸ் அல் கைமா வரைக்கும் எப்படி வண்டி ஓட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல. இங்க வந்தா உங்க கார் நிக்குது. உள்ள பேன்ட் சட்டை மடிச்சு வச்சிருக்கு, மேல கல்யாண மோதிரம். நான் போன் பண்ணப் பண்ண பூட்டின காருக்குள்ள அடிக்குது. சுத்தி மலை, எதிர்ல தண்ணி, ஒரு ஈ காக்கா இல்ல. நான் என்ன நினைப்பேன், சொல்லுங்க.

— மோதிரம் தண்ணில நழுவிடும்மா. அதான் கழட்டி வச்சேன்.

— செத்துப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். அந்த நாணலுக்குப் பின்னாலேருந்து உங்க வழுக்கைத் தலை தெரிஞ்சப்பதான் எனக்கு உயிரே வந்துது.

— ஐயோ, அழாத. இதோ வந்துட்டேன். அம்மையப்பன், கொஞ்சம் கயித்தப் புடிங்க.

— நீங்க உடுங் சார், நான் இழுக்கறனுங். அம்மணி, அந்தக் கல்லு மேல நிக்காதீங், பாசி வழுக்கும்.

— இவர் யாரு?

— அம்மையப்பன். பக்கத்துக் குவாரில வேலை. தூசி அடங்கறதுக்கு அவங்க இந்தக் குட்டையிலேருந்துதான் தண்ணி எடுக்கறாங்க, அந்த பம்ப்பு இவர் பொறுப்பு. சொந்த ஊர் பவானிசாகர். அங்க டேம்ல லாரி டியூப்ல உக்காந்து தூண்டி போட்டவர். இந்த டியூப் இவர் செஞ்சு குடுத்ததுதான்.

— வணக்கமுங்.

— வணக்கம். தப்பா நினைக்காதீங்க, உங்கள நான் கவனிக்கவே இல்ல.

— யாராவது நைட் டூட்டியக் கேட்டு வாங்குவாங்களா சுசி? இவர் வாங்கியிருக்கார். பகல் பூரா இங்க தூண்டி போடலாம்னு. அவ்ளோ பைத்தியம்.

— உங்க பைத்தியத்துக்கு வருவோம். கால்ல என்ன அது?

— ஃபின்ஸ். வாத்துக் கால் மாதிரி. துடுப்புக்குப் பதிலா.

— நாப்பத்தெட்டு வயசுல வாத்து. சரி, இப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஆபீஸ் எப்படிப் போகுது?

— ஆபீஸ் போகுது. இப்ப கொஞ்சம் வேலை கம்மி.

— இன்னிக்குக் காலைல ஆபீசுக்கு போன் பண்ணேன். ரிசப்ஷன்ல ஆலியா எடுத்தா. சார் பிப்ரவரியோட போயிட்டாரே மேடம், உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டா.

— சுசி...

— ரெண்டு மாசம் சேது. தினம் சட்டை தேய்ச்சுக் குடுத்தேன். டப்பா கட்டிக் குடுத்தேன். அதெல்லாம் யாரு சாப்பிட்டா?

— பாதி நான். பாதி அம்மையப்பன்.

— அந்த வத்தக்குழம்பு சாதத்துக்கு மட்டும் எங்க ரூம்ல நாலு பேரு அடிச்சுக்கிட்டோமுங்.

— நீ எதுக்கு திடீர்னு ஆபீசுக்கு போன் பண்ண?

— நேத்து உங்க சட்டைக் காலர்ல ஒண்ணு ஒட்டியிருந்தது. வட்டமா, பளபளன்னு. எவளோ ஒருத்தி புடவை ஜிகினான்னு நினைச்சேன்.

— ஜிகினாவா?

— சிரிங்க. எனக்குத் தூக்கமே இல்ல. விடிஞ்சதும் ஆபீசுக்கு அடிச்சேன். ஆளே இல்லன்னதும் உங்க பொண்ணு தாரிணி போன்ல போட்டுக் குடுத்தாளே, லொகேஷன், அதத் திறந்து பாத்தேன். மலைக்கு நடுவுல ஒரு நீலப் புள்ளி. பக்கத்துல தண்ணி. புள்ளி அசையவே இல்ல.

— அது செதிலுங் அம்மணி. ஜிலேபி மீன் செதிலு. எத்தன கழுவுனாலும் எங்கயாச்சும் ஒண்ணு ஒட்டிக்கும்.

— ஜிகினாவா இருந்தாக் கூடப் பரவால்லன்னு வழி பூரா சாமிய வேண்டிக்கிட்டு வந்தேன். எவளோடயாவது இருக்கட்டும், உயிரோட இருந்தாப் போதும்னு.

— சொல்லணும்னுதான் தினம் நினைப்பேன். வர்ற வழியில ஒத்திகை பாத்துட்டு வருவேன். கதவத் திறந்ததும் நீ, களைச்சுப் போயிட்டீங்களான்னு கேப்ப. அதோட போச்சு.

— ரெண்டு மாசமா தினம் இங்கயேவா?

— இல்ல. மேப்புல தேடுவேன். சாட்டிலைட் படத்தப் பெருசாக்கிப் பாத்தா மலை இடுக்குல சின்னச் சின்னதா நீலமாத் தெரியும். மழைத் தண்ணி தேங்கின குட்டை, குட்டி அணை, தோட்டத்துத் தொட்டி. குறிச்சு வச்சுக்கிட்டுக் கிளம்பிடுவேன். இதுவரைக்கும் பத்தொம்பது இடம். அதுல மீன் இருக்கறது நாலு.

— மீதி?

— ஒண்ணு சாக்கடையச் சுத்தம் பண்ற குளம். ஒண்ணு யாரோ ஒரு அரபியோட தோட்டம், நாய் துரத்திச்சு. இன்னொண்ணுக்கு நூத்தி இருபது கிலோமீட்டர் போனேன். மேப்புல அருமையான நீலம். போய்ப் பாத்தா ஆட்டுக் கொட்டாய் மேல போட்ட தார்ப்பாய்.

— தார்ப்பாயா?

— சார் டியூப்ப தோள்ல மாட்டிக்கிட்டு எறங்கிட்டாருங். ஆட்டுக்காரன் பாத்துட்டு, கியா பாய், பஞ்சரான்னு கேட்டானாம்.

— கடவுளே. நான் கோவமா இருக்கணும், சிரிப்பு வருது.

— கோவப்படு. அதுதான் நியாயம்.

— வேலை போனதுக்கு எனக்குக் கோவமே இல்ல. யாருக்குத்தான் போகல. ஒத்த ஆளா மனசுல வச்சுக்கிட்டு அலைஞ்சீங்க பாருங்க, அதுக்குத்தான். எனக்கு வேலை இருக்கு. தாரிணிக்குப் படிப்பு இந்த வருசத்தோட முடியுது. வேற என்ன?

— விசா. இன்னும் கொஞ்ச நாள்தான் டைம் இருக்கு.

— என் விசாவுல உங்களப் போட்டுக்கலாம். எங்க ஸ்கூல்ல மெஹர்பானு மிஸ் அவங்க வீட்டுக்காரர அப்படித்தான் வச்சிருக்காங்க. கல்யாணமாகி வந்து ஒம்பது வருசம் நான் உங்க விசாவுல இருந்தேன். இப்ப கொஞ்ச நாள் நீங்க என் விசாவுல இருங்க. கலாஸ்.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான். இதச் சொல்லாமத்தான் தார்ப்பாய் தேடிப் போனீங்க.

— நெஞ்சு மேலேருந்து ஒரு பாறையத் தூக்கின மாதிரி இருக்கு சுசி. நிஜமாச் சொல்றேன்.

— சாயங்காலம் தாரிணிகிட்ட நீங்களே சொல்லுங்க. இப்ப போய்த் துணி மாத்துங்க. மோதிரத்த முதல்ல போடுங்க.

— போறேன். அம்மையப்பன், பிளாஸ்க்ல டீ இருக்கும். மேடத்துக்குக் குடுங்க.

— இந்தாங் அம்மணி. சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குமுங்.

— பரவால்ல, இப்ப அதுதான் வேணும். அம்மையப்பன், நிஜமாச் சொல்லுங்க. இவருக்கு இந்தப் பைத்தியத்தப் புடிக்க வச்சது நீங்கதானே?

— ஆமாங். நாந்தானுங்.

— அவர் எப்பவுமே கொஞ்சம் அப்படித்தான், ஒண்ணப் புடிச்சா விட மாட்டார். முதல் தடவை இந்தக் குட்டையையும் மேப்புலதான் கண்டுபுடிச்சாரா?

— மேப்பெல்லாம் பொறகுங். தேடச் சொன்னதே நானுங். எனக்கு வண்டி இல்லீங் சார், நீங்க புதுசு புதுசாத் தண்ணி தேடிப் பாத்துட்டு வந்து என்றகிட்டச் சொல்லோணும்னு. நாளைக்கும் வர்றதுக்கு அவருக்கு ஒரு வேலை வேணுமில்லீங்.

— எனக்குப் புரியல.

— சார் வர்றதுக்குள்ள சொல்லிப்போடறனுங். அவருகிட்ட யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஆனா நீங்க வீட்டம்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். மொத நாளு நான் பகல் டூட்டிங். பம்ப்பப் பாக்க வந்தேன். கார்க் கதவு தொறந்தே கெடந்துச்சு. சீட்டுல பேன்ட் சட்டை மடிச்சு இருந்துச்சு, மேல மோதிரம்.

— அப்ப டியூப்?

— சாருகிட்ட ஏதுங் டியூப். தூண்டியும் இல்ல. கழுத்தளவு தண்ணியில சும்மா நின்னுட்டிருந்தாருங். கரையில என்ற டியூப் ஒண்ணு கெடந்துச்சு. அத அவரு பக்கமாத் தள்ளி உட்டேன். கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, புடிச்சுக்கிட்டாருங்.

— அம்மையப்பன்...

— மறுநாளே போர்மேன் காலக் கையப் புடிச்சு நைட் டூட்டிக்கு மாறிட்டனுங். பகல்ல இங்க யாராச்சும் இருக்கோணுமில்லீங்.