ஸ்பேனர் அண்ணனுக்கு, ஸ்க்ரூடிரைவர் எனக்கு

என் பெயரும் முகவரியும் காவல் அதிகாரி மேலே எழுதிக்கொண்டபடி. வயது ஐம்பத்திரண்டு. அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறேன். அப்பா கட்டிய வீட்டின் மாடியில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். கீழே என் அண்ணன் தனியாக இருக்கிறார். மூன்று வருடங்களாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

அப்பா குழாய் வேலை செய்தவர். அவர் இறந்த பிறகு வீட்டைப் பிரித்தபோது அவருடைய கருவிப்பெட்டியையும் பிரித்தோம். ஸ்பேனர்கள் எல்லாம் அண்ணனுக்கு, ஸ்க்ரூடிரைவர்களும் வாஷர் டப்பாவும் எனக்கு. இதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நான்கு மாதங்களாக என் வீட்டு பாத்டப் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியைக் கழற்ற என்னிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதற்குக் கீழே உள்ள நட்டைக் கழற்ற ஸ்பேனர் இல்லை. கடையில் வாங்கியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். வாங்கியிருக்கலாம். வாங்கினால் அண்ணனிடம் தோற்றதுபோல் ஆகிவிடும் என்று வீம்பு பிடித்தேன். "கீழ இருக்கிற ஸ்பேனர் மேல வர்றதுக்கு விசாவா வேணும்?" என்று என் மனைவி தினமும் குத்திக்காட்டினாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில், படிக்கட்டுச் சுவரில் மாடிக்கும் கீழ்வீட்டுக்குமாக உள்ள இரண்டு தண்ணீர் வால்வுகளில் ஒன்றை மூடிவிட்டு, குறடால் அந்த நட்டைத் திருகினேன். எல்லாவற்றையும் பிரித்த நாங்கள், எந்த வால்வு யாருடையது என்று மட்டும் குறித்துவைக்கவில்லை. குறடு வழுக்கி என் இடது புருவத்தில் அடித்து ரத்தம் வந்தது. அப்போது அண்ணன் மாடியிலேயே இல்லை. இந்த வரியை இரண்டு முறை எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

அதன் பிறகு சுமார் ஐந்து நிமிடத்தில், இடுப்பில் துண்டும் தலை நிறைய சோப்பு நுரையும் கையில் ஸ்பேனருமாக அண்ணன் படியேறி வந்தார். நான் மூடியது அவருடைய வால்வு. குளித்துக்கொண்டிருந்தவர் தன் ஷவர்தான் பழுதென்று ஸ்பேனரை எடுத்திருக்கிறார். வால்வு மூடியிருப்பதைப் பார்த்ததும், அதைத் திறக்கக்கூடத் தோன்றாமல் நேராக என்னிடம் வந்துவிட்டார். அவர் கத்தினார். நானும் சளைக்காமல் கத்தினேன். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்ததும் கேட்டதும் அவ்வளவுதான். போலீசைக் கூப்பிட்டதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு அண்ணன் என் புருவத்தைப் பார்த்தார். என் மனைவி கொண்டுவந்த துணியை வாங்கி, தன் கையாலேயே வைத்து அழுத்தினார். "குறடால திருகுவாங்களாடா? உன் லைன் தொறந்தே கெடக்கு. நட்டு மட்டும் கழண்டிருந்தா இந்நேரம் மிதந்திருப்பே" என்றார். அதன் பிறகு என் வால்வை மூடிவிட்டு வரச் சொன்னார். மூடிவிட்டு வந்தேன். டப்பின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டி, "ஸ்க்ரூடிரைவர்" என்றார். கொடுத்தேன். அப்பாவும் இப்படித்தான் கை நீட்டுவார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புருவம் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன் பிறகு நட்டு கழன்றது. தேய்ந்துபோன வாஷரை அவர் வெளியே எடுத்தார். என் டப்பாவில் அதே அளவில் புதிதைத் தேடிக்கொண்டிருந்தபோது காவலர்கள் வந்து, சட்டை மாட்டிக்கொள்ள மட்டும் நேரம் கொடுத்து, அண்ணனையும் ஸ்பேனரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பின்னாலேயே நடந்து வந்தேன்.

அண்ணன் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவரை என்னுடன் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இரண்டு வால்வும் மூடியே இருக்கின்றன, அவர் தலையில் சோப்பு காய்ந்துவிட்டது, வேலையும் பாதியில் கிடக்கிறது. கைப்பற்றிய ஸ்பேனரை யாரிடம் ஒப்படைப்பது என்று அதிகாரி கேட்கிறார். எங்கள் இருவரில் யார் கையில் கொடுத்தாலும் சரி, இனி அது ஒரே பெட்டிக்குத்தான் போகும்.

அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, பொய் ஏதும் கலக்கவில்லை.

(கையொப்பம்)