இதை யார் பார்ப்பது என்று கேட்டவருக்கு

எங்கள் அட்டைப்பெட்டி ஆலையின் ஒப்பந்தப் பிரிவு மேலாளராய் விளங்கி, இன்று மாலையோடு பணி ஓய்வு பெறும் ‘வாசிங்க மேடம்’ அவர்களுக்கு, ஆலையின் எல்லாப் பிரிவுப் பணியாளரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

எழுத்தெண்ணிப் படிக்கும் எங்கள் ஏந்தலே! கையொப்பமிடுமுன் கண்ணைத் திறக்கச் சொன்ன கண்டிப்பே! பொடியெழுத்தில் பதுங்கிய புரட்டையெல்லாம் புன்னகை மாறாமல் புறத்தே இழுத்துப் போட்ட புலமையே! வணக்கம்.

இப்படியே போனால் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் இது உங்கள் நாள், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். யார் எந்தத் தாளை நீட்டினாலும் “வாசிங்க” என்பது உங்கள் வழக்கம். “மேடம், இது லீவு லெட்டர்தான்” என்றால் “அதையும் வாசிங்க” என்பீர்கள். மிக்சி வாங்கப்போன கடையில் உத்தரவாத அட்டையை நீங்கள் உரக்கப் படிக்கத் தொடங்க, “அம்மா, ரிப்பேர்னா என் வீட்டுக்கே கொண்டாந்து குடுங்க, படிக்கிறத மட்டும் நிறுத்துங்க” என்று கடைக்காரர் கும்பிட்ட கதையை உங்கள் கணவர் எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சிரிப்பு இத்தோடு போதும். இந்த ஆலைக்கு ஓர் ஒப்பந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதை, அறிந்தோர் நினைவுகூரவும் புதியோர் அறிந்துகொள்ளவும், மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகத்தார் முன்னிலையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொதிகலன் அறையில் வேலை பார்த்த ஒருவரை ‘விசில்’ என்றே எல்லோரும் அழைத்தோம். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், நாக்கை மடித்து அவர் அடிக்கும் சீட்டிதான் அவருடைய பேச்சு. அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து நீராவியை வெளியேற்ற வேண்டிய சேஃப்டி வால்வு, ஒரு நாள் காலையில் துருவேறித் திறக்காமல் நின்றது. குழாய் வெடித்தது. விசில் வீடு திரும்பவில்லை.

விசாரணை நடந்த அறையில் அன்று நீங்கள் சட்டப் பிரிவின் தட்டச்சர். ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் அடித்துக் கொடுக்க மூலையில் உட்கார்ந்திருந்தீர்கள். வால்வைச் சோதிப்பது வெளியிலிருந்து வரும் சர்வீஸ் கம்பெனியின் வேலை என்றார் பராமரிப்புப் பிரிவுத் தலைவர். புதுப்பித்த ஒப்பந்தத்தில் அந்த வேலையே இல்லை என்றார் கம்பெனிக்காரர். விலையைக் குறைக்கச் சொன்னோம், எந்த வேலையைக் குறைத்தார்கள் என்று பராமரிப்புப் பிரிவு கேட்டிருக்க வேண்டும் என்றார் கொள்முதல் தலைவர். கேட்பதற்கு எங்களுக்குத் தாளே வரவில்லையே என்றார் பராமரிப்புத் தலைவர். பில் குறைந்து வந்தது, நல்லதுதானே என்று நினைத்தோம் என்றார் கணக்குத் தலைவர். அவரவர் கையில் இருந்த தாள் சரியாகத்தான் இருந்தது. நடுவில் நின்ற மனிதர்தான் போய்விட்டார்.

சுவரோரம் நின்றிருந்த விசிலின் மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். “சரிங்க, எல்லாரும் சொல்லிட்டீங்க. அப்போ அதை யாருதான் பாக்கணும்?”

தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீங்கள் தட்டச்சை நிறுத்திவிட்டு, “இனிமே நான் பாக்குறேன்க்கா” என்றீர்கள். கேட்காமல் பேசிய அதிகப்பிரசங்கி என்று அன்றைக்கே பெயர் வாங்கினீர்கள். அந்தப் பெயரைச் சம்பாதித்த அன்றுதான் இந்தப் பிரிவு பிறந்தது என்பது எங்கள் கணக்கு.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு பிரிவு பிரிவாக ஏறி இறங்கினீர்கள். இழுப்பறைகளிலும், பீரோவுக்குப் பின்னாலும், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரிப்பாகவும் கிடந்த ஒப்பந்தங்களை ஓரிடத்தில் சேர்த்தீர்கள். பிறகுதான் அந்த வாசிப்பைத் தொடங்கினீர்கள். பேக்கிங் கூடத்தில் காகித உருளைகள்மேல் எல்லாப் பிரிவுக்காரரும் உட்கார வேண்டும். அந்த ஒப்பந்தப்படி கையில் கருவி பிடிக்கப்போகிறவரும் கட்டாயம் வர வேண்டும். ஒவ்வொரு ஷரத்தையும் உரக்க வாசித்து முடித்ததும் நீங்கள் தலைநிமிர்ந்து, “இதை யார் பாக்கணும்?” என்பீர்கள். ஒரு கை உயர வேண்டும். உயராவிட்டால் கையெழுத்து இல்லை, எத்தனை பெரிய இடத்திலிருந்து போன் வந்தாலும் இல்லை.

நீங்கள் என்றால் எங்களுக்கு எப்போதும் உயிர் என்று எழுதினால் அது பொய். “ஒரு கையெழுத்துக்கு இந்தப் பாடா!” என்று முணுமுணுக்காத பிரிவு இங்கே கிடையாது. ஆனால் எலி பிடிக்க ஸ்டோர் ஒரு கம்பெனியையும் கேண்டீன் இன்னொரு கம்பெனியையும் அமர்த்தியிருந்தது உங்கள் வாசிப்பில்தான் வெளிப்பட்டது. ஸ்டோர்க்காரர்கள் விரட்டிய எலியைக் கேண்டீன்காரர்கள் திரும்ப ஸ்டோருக்கே விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எலிகளைப்போல் நடந்து களைத்த பணியாளர் இந்த ஆலையில் எவருமில்லை. விற்பனைப் பிரிவு சரக்கு தருவதாக வாக்குக் கொடுத்த அதே வாரத்தில் உற்பத்திப் பிரிவு இயந்திரத்தைப் பிரித்துப் போடவிருந்ததும் அங்கேதான் தெரிந்தது. பசைத்தொட்டி கழுவும் பெண்களுக்குக் கையுறை வாங்கித் தருவது ஆலையா, ஒப்பந்தக்காரரா என்று நீங்கள் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. நீங்களும் எழுந்திருக்கவில்லை. வெளியே லாரி காத்திருந்தது, முதலாளியின் செயலர் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் மேலாளர் ஒருவர் வேண்டாவெறுப்பாகக் கையைத் தூக்கினார். அந்தப் பெண்களுக்கு இப்போது கைத்தோல் உரிவதில்லை.

கண்டிப்பிலே கருணையைக் கலந்தவரே! கையொப்பத்தின் கனத்தை எங்களுக்குக் காட்டியவரே! இனிச் சொல்லப்போவது உங்களுக்கும் தெரியும், ஆனாலும் இந்த அவையில் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

உங்களோடு ஒப்பந்தப் பிரிவும் இன்று மூடப்படுகிறது. அந்தந்த ஒப்பந்தத்தை இனி அந்தந்தப் பிரிவே பார்த்துக்கொள்ளும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாகிவிட்டது. காகித உருளைகள் மறுபடி வெறும் உருளைகளாகும். கொதிகலன் சர்வீஸ் ஒப்பந்தமோ அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதிய ஒப்பந்தம் கொள்முதல் பிரிவில் தயாராகிவிட்டதாம், விலை குறைந்திருக்கிறதாம். எந்த வேலை குறைந்திருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது, மேடம்.

விசில் போனபின் அவர் மனைவி இங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவரைத்தான் எல்லோரும் ‘பேக்கிங் அக்கா’ என்கிறோம். உங்கள் வாசிப்பு ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. கொதிகலன் அறையில் விசில் நின்ற இடத்தில் இன்று நிற்பவர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. இம்மடலை எழுத உட்கார்ந்தபோது அக்கா சொன்னது இது: “மேடம் போறாங்கன்னு நான் அழலைங்க. அவங்க வயசுக்குப் போகத்தானே வேணும். நாளைக்கு அந்தக் கேள்விய யாரு கேப்பாங்கன்னு நினைச்சுத்தான் அழுறேன்.”

இம்மடலை இப்போது உங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவரும் அந்த அக்காதான்.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பதே முறை. எங்கள் வாழ்த்து அதைவிடச் சிறியது. சங்கு ஊதியதும் உங்கள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலை வாசல் வழியாக வீட்டுக்கு நடந்து போங்கள். நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், நோவில்லாத உடம்பு எல்லாம் உங்களுக்கு வாய்க்கட்டும். வேலைக்கு வந்தவர் தன் காலால் நடந்து வீடு சேர்வதைவிடப் பெரிய பேறு எங்களுக்குத் தெரியாது. அதை எங்களில் பலருக்குத் தந்தவர் நீங்கள்.

நீங்கள் எழுந்து செல்லுமுன் ஒரு வாசிப்பு பாக்கி இருக்கிறது. கொதிகலன் ஒப்பந்தம். சேஃப்டி வால்வைக் கழற்றிச் சோதித்து மாட்டுதல்.

இதை யார் பாக்கணும்?

அன்று அந்த அறையில் விடை கிடைக்காத கேள்வியை அதே குரல் மறுபடியும் கேட்கிறது. வாசிப்பவர் இங்கே சற்று நிறுத்துவார். கை தூக்குகிறவர்கள் தூக்குங்கள். மேடையில் இருப்பவர்களுக்கும் கை உண்டு. தூக்கியவர் பெயரை அவரே வந்து கீழே எழுத வேண்டும், அதன்பிறகே இம்மடலுக்குக் கண்ணாடி போடப்படும். ஒருவரும் வராவிட்டால் வெற்றிடத்தோடு அப்படியே சட்டமிட்டு உங்கள் கையில் தருவோம். வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் யாரென்று அது சொல்லும்.

உங்கள் வாசிப்பில் வளர்ந்த,
ஆலைப் பணியாளர்கள்

கை தூக்கியோர்:
பேக்கிங் அக்கா

(வாசிக்குமுன்பே அவர் எழுதியது. அவர் பெயருக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறோம்.)