பளீல் ஹாஜியாரின் பட்டறை இன்றைக்கும் ஏன் ஓடுகிறது

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். மேடையிலிருக்கும் பள்ளிவாசல் மரைக்கார்மாரே, மௌலவி அவர்களே, வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, திரைக்கு அப்பாலிருந்து கேட்கும் தாய்மாரே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

கொஞ்சம் பேசாமல் இருங்கள். காது கொடுங்கள்.

கேட்கிறதா? மதிலுக்கு அந்தப் பக்கம் டக் டக் என்று அடிக்கிறதே, அதுதான் நம்முடைய மர்ஹூம் பளீல் ஹாஜியாரின் ஆணி மிஷின். கம்பியை இழுத்து, வெட்டி, தலை வைத்துத் தள்ளுகிறது. ஹாஜியாரின் ஜனாஸா அடக்கத்துக்குப் போன அன்றும் அது ஓடியது. கல்முனைக் கடைத்தெரு முழுவதும் கதவை அடைத்தது. பட்டறை மட்டும் அடைக்கவில்லை. "சோறு போட்ட மனிசன் மௌத்தாகிக் கிடக்கார், இவனுகளுக்குக் கொஞ்சமும் மரியாதை இல்லையே" என்று சந்தையில் பேசினார்கள். என் முகத்துக்கு நேரேயும் கேட்டார்கள். நான் அந்தப் பட்டறையின் மூத்த வேலையாள், மீராமுகைதீன். தாளில் எழுதி வாசிக்க எனக்கு எழுத்து வராது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். கேட்டுவிட்டு, மரியாதை எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எழுபத்தேழில் வெளிநாட்டுச் சாமான்களுக்கு நாட்டின் கதவைத் திறந்தார்கள். துணி வந்தது, ரேடியோ வந்தது, கூடவே ஆணியும் வந்தது. என்ன விலைக்கு வந்தது? நாங்கள் ஆணி அடிக்க வாங்கும் கம்பியின் விலையை விடக் குறைந்த விலைக்கு வந்தது! இது எப்படி நடக்கும் என்று ஹாஜியார் விசாரித்துப் பார்த்தார். அதைச் செய்யும் நாட்டிலேயே அந்த ஆணி அதை விட அதிக விலைக்குத்தான் விற்கிறது. நம்முடைய பட்டறைகள் படுத்துவிட்டால் பிறகு வைத்ததுதான் விலை என்று, இங்கே குறைத்துக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதை அரசாங்கம் விசாரிக்க வேண்டும், உண்மையென்றால் அந்த ஆணிக்குக் கூடுதல் சுங்கத் தீர்வை போட வேண்டும் என்று கொழும்பில் மனுக் கொடுத்தார்.

கொடுத்தார், ஆனால் விசாரணை நடந்ததா? ஒரு தடவை போனால் விசாரணைக் குழுத் தலைவர் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். மறுதடவை போனால் குழுவையே மாற்றிவிட்டோம் என்றார்கள். அதற்கடுத்த தடவை, புதிய குழு இன்னும் கூடவில்லை என்றார்கள். பஸ்ஸில் நானும் கூடப் போவேன், பட்டறையில் என்னோடு மிஷினில் நிற்கும் பாண்டிருப்பு நல்லரெத்தினமும் வருவார். ஒரு பயணத்தில் நல்லரெத்தினம் சொன்னார்: "ஹாஜியார், இந்த விசாரண முடியிறதுக்குள்ள நம்மட ஆணியெல்லாம் துருப்பிடிச்சிரும்."

ஹாஜியார் சிரித்தார். "துருப்பிடிச்சா எண்ணெ பூசுவம். மிஷின நிப்பாட்டுறல்ல" என்றார்.

அந்தப் பேச்சில் ஒரு விஷயம் இருந்தது. பட்டறையை மூடியவன் மனுக்காரன் ஆக முடியாது என்று மனுவை வாங்கிய கந்தோரில் சொல்லியிருந்தார்கள். மூடினால் மனு செத்தது. அதனால்தான் விற்காத ஆணியையும் அடித்தோம். ஹாஜியாரின் மாவடிப்பள்ளி வயல் விலைக்குக் கைமாறித்தான் எங்கள் வீட்டு அடுப்புகள் எரிந்தன.

அப்போதுதான் எழுபத்தெட்டுச் சூறாவளி வந்தது. இந்தக் கரையில் கூரை மிஞ்சிய வீடு எத்தனை? தகரம் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். ஆணி பொன்னானது. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வியாபாரி லொறியோடு வந்து, கேட்ட விலை தருகிறேன், மொத்தத்தையும் ஏற்றுங்கள் என்றார். ஹாஜியார் லொறியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினார். பட்டறை வாசலில் தராசைக் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் நிறுத்துக் கொடுத்தார். விலை கேட்டால், "வெள்ளாம வெட்டினதும் பாப்பம்" என்பார். எந்த வெள்ளாமை? வயலெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. அது அவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். எங்களிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: "ஆரு கேட்டாலும் வித்தது எண்டே சொல்லுங்க. சும்மா குடுத்த சதக்கா எண்டு சொன்னா அந்த மனிசர் நாளைக்கு நம்மட வாசலால தலை நிமிர்ந்து போகமாட்டார்."

அப்படியே சொன்னோம். கொழும்புக்குப் போன கணக்கிலும் அப்படியே போனது. அங்கேதான் இடித்தது.

ஒருவழியாக விசாரணை கூடியது. அதிகாரி கேட்டார்: உங்கள் விற்பனை போன வருடம் ஏறியிருக்கிறதே, வெளிநாட்டு ஆணியால் உங்களுக்கு என்ன நட்டம்? ஹாஜியார் அது சூறாவளிக் காலம், காசு கைக்கு வரவில்லை என்றார். சும்மா கொடுத்ததென்றால் வாங்கியவர்களின் பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் மனுவைத் தள்ளி வைக்கிறோம் என்றார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். சொல்லுங்கள் ஹாஜியார் என்று முழங்கையால் இடித்தேன். அவர் கணக்குக் கொப்பியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மனு மறுபடியும் தள்ளிப்போனது.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், இப்படிச் செய்துவிட்டீர்களே என்று. வயதில் மூத்தவன், அண்ணன் முறை என்று என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "காக்கா, பட்டறை போனா இன்னொண்டு போடலாம். ஒரு மனிசன்ட மானம் போனா எந்த ஆணியால அடிச்சு நிப்பாட்டுற?" என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன்.

நல்லரெத்தினம் விடவில்லை. பாண்டிருப்பில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த முறை அதிகாரி பட்டறையைப் பார்க்க நேரில் வந்தபோது வாசலில் அன்றைக்கு ஆணி வாங்கிய சனம் நின்றது. முன்னால் நின்றவர் பாண்டிருப்புக் கனகேஸ்வரி, அதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறாரே, அவர்தான். ஹாஜியார் பதறிப்போய், "ஏன் தங்கச்சி வந்த நீங்க?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குத் தாறதுக்கு வெக்கமில்ல, எங்களுக்கு வாங்கினதச் சொல்ல என்ன வெக்கம்?" என்றார் கனகேஸ்வரி. பிறகு அதிகாரியைப் பார்த்து, "வாங்க ஐயா, எங்கட கூரையில ஏறிப் பாருங்க. இவரு ஒரு சதமும் வாங்கல்ல" என்றார். அவருக்குப் பின்னால் மருதமுனைக்காரர், சாய்ந்தமருதுக்காரர், ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். ஹாஜியார் தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மனு உயிர் பெற்றது. தீர்ப்பு மட்டும் இன்னும் வரவில்லை. வருடங்கள் போயின, ஹாஜியாரும் போய்விட்டார். கடைசி விசாரணை வரும் மாதம் என்று இப்போது தகவல் வந்திருக்கிறது. பட்டறை ஓடவேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது.

ஜனாஸா எடுத்த அன்று மிஷினை ஓட்டுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் நின்றோம். கணவர் மௌத்தானதால் வீட்டோடு இத்தா இருக்கும் ஹாஜியாரின் மனைவி சபியா உம்மா உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்: "அவர் மௌத்தான நாளும் ஓடின மிஷின், என்ட இத்தாவுக்குள்ள நிக்கப்படாது." இதற்கு மேல் மரியாதை ஒன்று உண்டா, சொல்லுங்கள். இப்போது நாங்கள் இங்கே நினைவுக் கூட்டத்தில் இருக்கிறோம், அங்கே நல்லரெத்தினம் தனியாக மிஷினோடு நிற்கிறார். அவருக்கும் இங்கே வந்து அழ ஆசைதான்.

பளீல் ஹாஜியாரே, நீங்கள் எங்களுக்குச் செய்ததற்கு நன்றி சொல்லித் தீராது. வரும் மாதம் நானும் நல்லரெத்தினமும் கனகேஸ்வரியும் கொழும்புக்குப் போகிறோம். மறுபடி தள்ளி வைத்தால் மறுபடி போவோம். எங்கள் காலம் முடிந்தால் எங்களுக்குப் பின்னால் வருபவர்கள் போவார்கள். பட்டறை ஓடுகிறதா என்று கொழும்பில் கேட்கும்வரை, ஓம் என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இருக்கும்.

மௌலவி அவர்கள் இப்போது துஆக் கேட்பார்கள். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அதற்கு மேலே கேட்கும்படி எல்லோரும் ஆமீன் சொல்லுங்கள்.