ஆலிஸின் ஒருசந்தி

பால் பிழிந்த தேங்காய்ப்பூவை யாரும் கொட்டிவிடக் கூடாது, சுவாமி. இரண்டு காய்ந்த மிளகாயும் கொஞ்சம் புளியும் உப்பும் சேர்த்துச் சிவக்க வறுத்து, அம்மியில் வைத்து ஓட்டினால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் கெடாத துவையல் கிடைக்கும். அதைத் தொட்டுக்கொண்டு ஐந்து பேர் ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம்.

நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருப்பது துவையலை எழுத அல்ல என்று தெரியும். என் நாத்தனார் ஆலிஸைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள். அவள் கல்லறையில் இப்போது ஞாயிறு தவறாமல் மெழுகுவர்த்தி எரிகிறது. ஆயர் ஈத்தாம் ஊரிலிருந்து ஒரு அம்மாள் வந்து அந்த மண்ணைத் தாளில் மடித்துக்கொண்டு போனாளாம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதாம். ஆலிஸ் எப்படித் தபசு இருந்தாள் என்று ஒரு சிறு புத்தகம் போட வேண்டுமென்று பங்கு மக்கள் கேட்கிறார்கள். அவளுக்குச் சமைத்துப் போட்டவள் நான்தான், அதனால் கேட்க வேண்டிய ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் சமையலறையிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

போன வருஷம் ஜனவரி கடைசியில் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. ரப்பர்ச் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் பதினோரு வருஷம் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவர். ரப்பர் விலை விழுந்தது, ஆட்களைக் குறைத்தார்கள். கடைசிச் சம்பளத்தில் ஒரு மூட்டை ரங்கூன் புழுங்கலரிசி வாங்கிப் போட்டோம். நான் பால் டின்னால் அளப்பேன். மூட்டைக்கு முந்நூறு டின். வழக்கம்போல் நாளுக்கு நாலு டின் போட்டால் எழுபத்தைந்து நாள், மூன்று டின் போட்டால் நூறு நாள். நான் மூன்று என்று முடிவு செய்தேன். அவருக்கு ஒன்று, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று, ஆலிஸுக்கு அரை, எனக்கு அரை. மே மாதம் பதினோராம் தேதி வரைக்கும் வரும். அதற்குள் ஒரு வேலை கிடைக்காமலா போகும்?

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஏழு நாளுக்கும் சாப்பாட்டை யோசித்து வைத்துவிடுவேன். திங்கட்கிழமை வாய்க்கால் ஓரத்துக் கங்கோங் கீரை. செவ்வாய்க்கிழமை பலாக்கொட்டைப் புளிக்குழம்பு. நடுவில் ஒரு நாள் அரிசியைக் குறைத்து மரவள்ளிக் கிழங்கு. பாசார் கலைகிற நேரத்துக்குப் போனால் நெத்திலி உடைசலும் கருவாட்டுத் தலையும் சல்லிசாகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பது திருச்சபைக் கட்டளை. அந்த வருஷம் எங்களுக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்.

ஆலிஸுக்கு அப்போது பதினாறு வயது. தாயும் தகப்பனும் போன பிறகு ஒன்பது வயதில் எங்களிடம் வந்தாள். ஏழு வருஷம் அவளுக்குத் தலை வாரிவிட்டது நான். அவளுக்குப் பேன் பார்க்க உட்கார்ந்தால் மடியிலேயே தூங்கிவிடுவாள். தட்டில் என்ன விழுந்தாலும் அவளுக்கு ஒரு கேலி இருக்கும்.

"இன்னிக்கு என்ன அண்ணி, கவர்னர் விருந்தா?"

"ஆமா, கவர்னருக்குக் கருவாட்டுத் தலை."

"தலைவருக்குத் தலை, சரிதான்" என்பாள்.

பிள்ளைகள் சிரிக்கும். பசியோடு இருக்கிற பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது லேசான காரியம் இல்லை, சுவாமி. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சாம்பல் புதன் வந்தது. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு ஹமீதா அக்காவுக்கு ரம்சான் நோன்பு முடிந்தது. நெற்றியில் சாம்பலோடு என்னைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு முடிஞ்சுது, உங்களுக்கு ஆரம்பிக்குது. நாப்பது நாளைக்கு அடுப்ப மாத்திக்கலாமா அமலம்மா?" என்றாள்.

அன்றைக்கு ஆலிஸ் ஒருசந்தி இருக்கத் தொடங்கினாள். நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதை அண்ணனுடைய வேலைக்காக ஒப்புக்கொடுப்பது. அந்த யோசனை அவளுக்குத் தானாகத் தோன்றியது என்று ஊரில் சொல்கிறார்கள். விருப்பம் அவளுடையது. யோசனை என்னுடையது. சிறு வயதினருக்கு ஒருசந்தி கடமையில்லை என்று நீங்கள் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தீர்கள். அவளும் கேட்டாள்.

"சின்னவங்களுக்கு வேணாம்னுதானே சாமி சொன்னாரு?"

"கடமை இல்லன்னுதான் சொன்னாரு, கூடாதுன்னு சொல்லலியே. கடமை இல்லாம செஞ்சா பலன் அதிகம் கண்ணு."

நான் சொன்னது பொய் இல்லை. நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

நாற்பது நாளும் இருந்தாள். உயிர்த்த ஞாயிறன்று மத்தியானம் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, அண்ணனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையே, கேட்டது கிடைக்கும் முன்னால் வேண்டுதலை விட்டால் மாதா என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். கேட்டதோடு சரி. அவளே மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டாள். அண்ணனுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் மத்தியானம் ஒரு கிண்ணம் கஞ்சி, வேறொன்றும் இல்லை என்று வாக்குக் கொடுத்தாள். நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்லாதீர்கள். விடிந்ததும் வேலை தேடிப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். ஆலிஸ் சாப்பிட்டாளா என்று கேட்பார். சாப்பிட்டாள் என்பேன். மத்தியானம் கஞ்சி குடித்திருந்தாளே. ஏப்ரல் நடுவில் கடல் தாண்டி அக்கரைக்குப் போனார். பட்டர்வொர்த்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கி வேலை தேடுவதாக ஏற்பாடு. தன் பங்கு அரிசியைத் தலையணை உறையில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்.

ஹமீதா அக்கா ஒரு நாள் ஒரு தட்டில் சோறும் மீன் கறியும் கொண்டுவந்தாள். ஆலிஸ் தட்டைத் தொடவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்து, "வாசனைக்கு ஒருசந்தி இல்லல்ல மாமி? அத மட்டும் எடுத்துக்கிறேன்" என்றாள். ஹமீதா அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள்.

"என்னடி இது, உன் நாத்தனா கொடியில காயுற துணி மாதிரி ஆயிட்டா? நாங்களுந்தான் நோன்பு புடிக்கிறோம். பொழுது சாஞ்சு மக்ரிபுக்குப் பாங்கு சொன்னா கஞ்சியக் குடிக்கிறோமா இல்லையா? நோன்புன்னா தொறக்க ஒரு நேரம் வேணும்லா. இவ எப்பத் தொறப்பா?"

"அண்ணனுக்கு வேலை கிடைச்சதும்."

"அதுக்கு யாரு பாங்கு சொல்லுவா?"

"நான்தான் சொல்லணும்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாரும் இளைச்சுக் கெடக்கீங்க, உனக்கு மட்டும் மூஞ்சி பூசுன மாதிரி இருக்கு" என்றாள். கருவாட்டு உப்பு, உடம்பில் நீர் கோத்திருக்கும் என்றேன்.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பாக்குக் கிட்டங்கி ஒன்றில் கிராணி வேலை கிடைத்துவிட்டது, உடனே சேரச் சொல்லிவிட்டார்கள், முதல் சம்பளம் மே மாதக் கடைசியில் என்று எழுதியிருந்தார். கீழே, "ஆலிஸிடம் முதலில் சொல். அவள் தலையில் கை வைத்துச் சொல்" என்று இருந்தது.

ஆமாம், சுவாமி. நீங்கள் எழுதி வைத்திருக்கும் தேதி வேறு. அதை அடித்துவிடுங்கள்.

நான் கடிதத்தை மடித்து என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். அப்போது நான் யோசித்தது இதுதான். வேலை வந்துவிட்டது, அரிசி வரவில்லை. மூட்டை மே பதினொன்றோடு தீரும், சம்பளம் கடைசியில்தான் வரும். நடுவில் இருபது நாள் இருக்கிறது. ஆலிஸ் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் அந்த இருபது நாளை ஒப்பேற்றிவிடலாம். இத்தனை நாள் இருந்தவள் இன்னும் சில நாள் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். வாரம் போயிற்று.

அந்த நாட்களில் அவள் சமையலறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்திருப்பாள். எழுந்து நடந்தால் கண் இருட்டுகிறது என்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டாயிற்று.

"அண்ணனுக்கு வேலை கிடைச்ச அன்னிக்கு என்ன அண்ணி சமைப்பீங்க?"

"நீயே சொல்லு."

"தேங்காப்பால் சோறு. மொதப் பால்ல. பிழிஞ்ச பூவ அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொட்டிடணும்."

"அய்யோ, அதெப்படி மனசு வரும்?"

"வரணும். அப்புறம் மீன்தலைக் கறி, தலை எனக்கு. முட்டை ஆளுக்கு ஒண்ணு. பாதிப் பாதி இல்ல, முழுசு. அண்ணனுக்கு ரெண்டு."

"சரி, ரெண்டு" என்றேன். ஜெபப் புத்தகம் எங்கள் தலைக்கு மேலே பலகையில் இருந்தது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேறொன்று கேட்டாள். "அண்ணி, வாக்கக் கொஞ்சம் தளர்த்திக்கலாமான்னு சாமிகிட்டக் கேட்டுட்டு வரட்டுமா?" கோயில் வரைக்கும் நடக்க உனக்குத் தெம்பு இல்லை, நான் கேட்டு வருகிறேன் என்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டத்தோ கிராமாட் சாலை முனை வரைக்கும் போய், ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வாரம் நான் உங்களிடம் வரவே இல்லை, நினைவிருக்கும். திரும்பி வந்து, உன் மனசுக்கு விட்டுவிட்டதாகச் சாமி சொன்னார் என்றேன். அவள் பாயில் திரும்பிப் படுத்தாள். "அப்ப இருக்கேன்" என்றாள்.

நீங்கள் அவளைக் கைவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் போயிருக்க மாட்டாள். அப்படி நினைக்கிற பெண் இல்லை. ஆனாலும் இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது. பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் விட்டது, எனக்கு ஒரே நாளில். ஆலிஸுக்கு விடவில்லை. டாக்டர் காய்ச்சல் என்று எழுதினார். அவர் எழுதியதில் தப்பில்லை. மே இரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குப் போனாள். அவள் தலை என் மடியில் இருந்தது. நான் தலையில் கை வைத்துக் காதோடு சொன்னேன், அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று. அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் கண்ணைத் திறந்திருப்பாள்.

அக்கம்பக்கத்தார் கூடிய பிறகு கடிதத்தை எடுத்துவந்தேன். இப்போதுதான் வந்தது என்றேன். அவர்களில் அன்னமேரி அக்கா அங்கேயே முழங்காலிட்டு, "உசுரக் குடுத்து அண்ணனுக்கு வேலை வாங்கிட்டாளே" என்று அழுதாள். எல்லாரும் முழங்காலிட்டார்கள். மெழுகுவர்த்தியும் கல்லறை மண்ணும் உங்கள் புத்தகமும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தவைதான். அப்படிச் சொல்லச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. மறுக்கவும் இல்லை. செய்தி கேட்டு என் வீட்டுக்காரர் மத்தியானக் கப்பலில் வந்து சேர்ந்தார். கடிதம் எப்போது வந்தது என்று மட்டும் கேட்டார். இன்றைக்கு என்றேன். இன்று வரைக்கும் அவர் எங்கள் தெருத் தபால்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதோ கடிதம். உறையின் மேல் முத்திரை தெளிவாக இருக்கிறது, வெளிச்சத்தில் பாருங்கள்.

பிள்ளைகளுக்காகத்தானே செய்தாய் என்று கேட்கிறீர்கள். நல்ல மனதோடு கேட்கிறீர்கள், தெரிகிறது. இந்த ஒரு வருஷமும் நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மூட்டையை நீட்டினேன், இருபது நாளை ஒப்பேற்றினேன், நாலு உயிரைக் காப்பாற்றினேன் என்று.

ஆனால் மூட்டை நீளவில்லை, சுவாமி. முதலில் கணக்குப் போட்டபடியே மே பதினொன்றாம் தேதிதான் தீர்ந்தது, ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. அதற்குப் பிறகு ஹமீதா அக்கா கொடுத்த அரிசியில்தான் மாதத்தை ஓட்டினோம். பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு டின்தான், ஒரு பிடி கூடவில்லை. ஆலிஸின் அரை டின்னில் கஞ்சிக்கு ஒரு பிடி போக மீதியை நான் மூட்டையில் திருப்பிப் போட்டதே இல்லை. தினமும் வடித்தேன். அவள் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடியதும் சமையலறைக் கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சத்தம் இல்லாமல் அதைச் சாப்பிட்டேன். ஹமீதா அக்கா கொண்டுவந்த மீன் கறியையும் அப்படித்தான். கடிதம் வந்த அன்றைக்கும் சாப்பிட்டேன். அவளை அடக்கம் செய்த மறுநாளும் அவளுக்கான அரை டின்னை அளந்து உலையில் போட்டேன்.

எனக்குப் பசித்தது, சுவாமி.