செலவில்லாத ஹெல்சிங்கி

– அந்த மிஷின்ல எடுக்காதே, ஐலா. அதுல ஒரு தடவை போறதுக்குத்தான் சீட்டு வரும். இந்தப் பக்கம் வா. நாள் பூராவுக்கும் ஒரே சீட்டு. டிராம், பஸ், கோட்டைத் தீவுக்குப் போற படகு, எல்லாத்துக்கும் அதுவே செல்லும்.

– ரைமோ, ரயிலை விட்டு இறங்கி இன்னும் பையைக்கூட ஒழுங்கா தோள்ல மாட்டல. எந்த மிஷின்ல எது வரும்னு உனக்கு யார் சொன்னது?

– மேல எழுதியிருக்கே.

– உன் மூக்குக் கண்ணாடி என் பையில இருக்கு.

– பென்ட்டி சொன்னான். போன வருஷம் வந்துட்டுப் போனானே.

– எந்த பென்ட்டி? நம்ம ரொவானியெமி பஸ் ஸ்டாண்டுலயே வழி தெரியாம நின்னு பொண்டாட்டிக்கு போன் போட்டானே, அந்த பென்ட்டியா?

– வா, வா, டிராம் வந்துடுச்சு. முன் கதவுல முண்டாதே, நடுக் கதவுல ஏறு.

– ஏறறேன். ஆனா இதை இதோட விட்டேன்னு நினைக்காதே. நேத்து ரயில்ல என்ன சொன்ன? "தலைநகரத்தைக் கண்ணால பார்த்ததில்லை, ஐலா. பென்ஷன் வாங்கற வயசுலயாவது ரெண்டு பேரும் சேர்ந்து முதல் முதலா பார்க்கப் போறோம்"னு. நானும் அதை நம்பினேன்.

– அதுக்கு இப்ப என்ன? பார்க்கத்தானே போறோம்.

– அந்த மேல்மாடி வெச்ச சுற்றுலா பஸ்ல போலாம்னு சொன்னேன். எல்லா இடமும் காட்டுவானாம், காதுல கதையும் சொல்வானாம்.

– அவன் காட்டறதை எல்லாம் இந்த மூணாம் நம்பரே காட்டும். கடைசில ரெண்டாம் நம்பரா மாறும், ஊரை ஒரு வளையம் சுத்திட்டுத் திரும்ப ஸ்டேஷன்லயே விடும். யாரும் இறங்குன்னு சொல்ல மாட்டாங்க. அங்க இல்ல ஐலா, இங்க உட்காரு. இந்த சீட்டுக்கு அடியிலதான் ஹீட்டர்.

– ஹீட்டரா? வெளியே வெயில் அடிக்குது. மே மாசம் முடியப் போகுது.

– ஆமாமா. சும்மா சொன்னேன்.

– சும்மா சொல்ற ஆளா நீ? வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்கு ரெண்டு காபி ஊத்தணும் உனக்கு. இன்னைக்கு என்னடான்னா மடை திறந்த மாதிரி கொட்டுது.

– ஊருக்குப் புதுசா வந்த சந்தோஷம்.

– புதுசா வந்தவன் மூஞ்சியா இது? புதுசா வந்தவன் ஜன்னல் வழியா பார்ப்பான். நீ வெளியவே பார்க்கல, ரைமோ. எந்த ஸ்டாப்னு மனப்பாடமாத் தெரிஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க.

– தாகமா இருக்கா? பாட்டிலை எடு. தண்ணிக்குக் காசு குடுக்காதே. இந்த ஊர் குழாய்த் தண்ணி நம்ம ஊத்துத் தண்ணிக்குக் குறைஞ்சதில்ல. அப்புறம், கழிப்பறைக்கு ஸ்டேஷன்ல போகாதே, காசு கேட்பான். அந்தப் பெரிய துணிக்கடையில மேல் மாடிக்குப் போ, ஒருத்தனும் கேட்க மாட்டான்.

– எந்த மாடின்னுகூட தெரிஞ்சு வெச்சிருக்க.

– பென்ட்டிதான்...

– பென்ட்டி பேரை இன்னொரு தடவை எடுத்தேன்னா இங்கேயே அவனுக்கு போன் போடுவேன்.

– சரி, எடுக்கல.

– இரு. இது என்ன சத்தம்?

– எது?

– இப்ப அடிச்சதே, மணி. டிரைவர் அடிச்ச மணி. ரைமோ, இந்த மணியை நான் கேட்டிருக்கேன்.

– எங்க கேட்டிருப்ப? நம்ம ஊர்ல டிராமா ஓடுது?

– போன்ல கேட்டிருக்கேன். மில் மூடின வருஷம் நீ நார்வேக்கு மீன் ஆலை வேலைக்குப் போனியே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவியே. பின்னாடி இதே மாதிரி டிங் டிங்னு கேட்கும். என்னன்னு கேட்டப்ப, "மீன்பிடிக் கப்பல் கரைக்கு வருது, அதோட மணி"ன்னு சொன்ன.

– மணின்னா எல்லா மணியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

– அப்படியா சங்கதி.

– என்ன சங்கதி? பசியில உனக்குத் தலை சுத்துது. இந்த ஸ்டாப்ல இறங்கு. மார்க்கெட்ல கூடாரம் போட்டு சால்மன் மீன் சூப் விக்கறான் பாரு, அதெல்லாம் வெளியூர்க்காரன் விலை. ரெண்டு தெரு உள்ளே போனா ஆபீஸ்காரங்க சாப்பிடற இடம் இருக்கும். மதியச் சாப்பாடுன்னு பலகை வெச்சிருப்பான். ரொட்டி, கீரை, காபி எல்லாம் அதுலயே அடக்கம். பன்னெண்டுக்கு முன்னாடி போயிடணும். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொடுக்கற காசுல மதியம் ரெண்டு தடவை சாப்பிடலாம்.

– அவ ஆபீஸ்ல வேலை பார்த்தவளா?

– எவ?

– இந்த ஊர்ல உனக்கு இருந்தவ.

– ஐலா!

– கத்தாதே, ஜனங்க பார்க்கறாங்க. நான் சத்தமே போடல பாரு. நிதானமா கேட்கறேன். நார்வே, நார்வேன்னு சொல்லிட்டு ஒரு குளிர்காலம் பூராவும் நீ இங்கதான் இருந்திருக்க. ஆமாவா இல்லையா?

– அந்தப் பக்கம் நூலகம் இருக்கு, கொஞ்ச நேரம் உட்காரலாம். காலையில எட்டு மணிக்கே திறந்துடுவான். உள்ளே கதகதப்பா இருக்கும். பத்திரிகை அறையில மூலை நாற்காலி நல்லது. மடியில பத்திரிகை விரிச்ச மாதிரி இருந்தா, கண்ணை மூடினாலும் காவலாளி எழுப்ப மாட்டான்.

– நூலகமா! பள்ளிக்கூடத்தோட புஸ்தகத்தை மூடி வெச்ச மனுஷன் நூலகத்துல எந்த நாற்காலி நல்லதுன்னு சொல்றான். அப்ப நூலகத்துல வேலை பார்த்தவ. சரி. படிச்சவளா புடிச்சிருக்க.

– எவளும் இல்ல. சத்தியமா.

– எது மேல சத்தியம்? மீன்பிடிக் கப்பல் மேலயா?

– ஐலா, சொன்னா கேளு. நடந்தது நடந்து போச்சு. ஊரைப் பார்க்க வந்தோம், பார்த்துட்டுப் போவோம்.

– எனக்கு ஊர் வேணாம். திரும்பற சீட்டு என் பையில இருக்கு. சாயங்கால ரயிலுக்கு மாத்திட்டு நான் மட்டும் போறேன். நீ நிதானமா உன் ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வா.

– போகாதே.

– அப்ப பேரைச் சொல்லு. ஒரு பேரு. அதுக்கு மேல ஒண்ணும் கேட்கல... ஏய், எங்க போற? ஏன் திடீர்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாவற?

– அந்தப் பக்கம் வெயில் இருக்கு.

– வெயில் இந்தப் பக்கம்தான் இருக்கு! தொப்பியை ஏன் கண்ணு வரைக்கும் இழுத்து விடற? அந்தச் சர்ச்சுக்கு அடியில கதவு திறந்திருக்கே, அங்க யாரு இருக்கா?

– யாரும் இல்ல. வா, போயிடலாம். ஐலா, கெஞ்சிக் கேட்கறேன், வேகமா நட.

– ரைமோ! ஏ ரைமோ! நில்லுய்யா! இங்க, சர்ச்சுக் கதவுகிட்ட பாரு! அந்த நடையை நான் எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன். தொப்பியை எடு, பார்ப்போம். அட, அவனேதான்! உயிரோட இருக்கியாடா மகராசா!

– ஆஹா. வந்துட்டா உன் ஆளு.

– ஹெல்வி... நல்லா இருக்கியா?

– எனக்கென்ன கேடு? இடுப்பு ஒண்ணுதான் மக்கர் பண்ணுது. இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே, வழக்கம்போல பட்டாணி சூப் கொதிக்குது, குப்பை கொட்டலாம்னு வெளியே வந்தா நீ போற. சொல்லாம கொள்ளாம ஒரு நாள் காணாமப் போனவன்தானே! செத்துட்டேன்னு நினைச்சு உனக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏத்தினேன்யா. வீணாப் போச்சு.

– நீங்கதான் ஹெல்வியா? நான் ஐலா. இவனோட பொண்டாட்டி.

– ஐலாவா! ஐயோ, உங்களை எனக்கு நல்லாத் தெரியுமே! ஞாயித்துக்கிழமையானா எங்க ஆபீஸ் ரூம் போனைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு "ஐலா, ஐலா"ன்னு உருகுவானே. கதவைச் சாத்திக்கோ, டிராம் சத்தம் கேட்குதுன்னு நான்தான் சொல்வேன்.

– உங்க வீட்லதான் தங்கியிருந்தானா?

– எங்க வீட்லயா? என் வீட்ல என் புருஷன் காலை நீட்டறதுக்கே இடம் இல்லம்மா.

– அப்ப எங்க தங்கியிருந்தான்? உங்களுக்கு இவன் யாரு?

– என்ன கேள்வி இது? இல்லாதவங்களுக்கு இங்க சர்ச்சுல சாப்பாடு போடறோமே, அந்த வரிசையில முதல்ல நிக்கறவன். விடியறதுக்கு முன்னாடி வந்து கதவுகிட்ட நிப்பான், தாடியெல்லாம் பனி ஒட்டிக்கிட்டு. ஒரு தட்டு கஞ்சி, ரெண்டு காபி. அப்புறம் வேணாம்னு சொல்லச் சொல்ல பாத்திரம் கழுவிட்டுத்தான் போவான். ரைமோ... நீ இவங்ககிட்ட ஒண்ணும் சொல்லவே இல்லையா?

– இல்ல.

– அட பாவி. நான் உள்ளே போறேன். சூப் அடிபிடிச்சுடும். ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. உங்களுக்கு ரெண்டு தட்டு எடுத்து வெக்கறேன்.

– ரைமோ. இங்க உட்காரு, இந்தப் படியில. எங்க தூங்கின?

– முதல்ல ஸ்டேஷன்ல. அங்க விரட்டிட்டாங்க. அப்புறம் ஒரு குடியிருப்புல மாடிப்படிக்கு அடியில. வெளிக் கதவு சரியா மூடாது. பகல்ல டிராம். நாள் பூராவும் ஒரே டிக்கெட்டுல சுத்தலாம்.

– ஹீட்டர் சீட்டு.

– ம். அப்புறம் நூலகம்.

– நார்வேல என்ன ஆச்சு?

– ஒரு வாரம்தான் வெச்சிருந்தான். முதுகு வளையலன்னு அனுப்பிட்டான், சின்னப் பசங்க வரிசையில நிக்கறாங்க. ஹெல்சிங்கி துறைமுகத்துல ஆள் எடுக்கறாங்கன்னு ஒருத்தன் சொன்னான். கையில இருந்ததைப் போட்டு வந்து இறங்கினேன். அங்க கேட்டையே பூட்டியிருந்தான்.

– அப்ப உன் கால் விரல்? ஆலையில ஐஸ் பெட்டி விழுந்து நசுங்கிடுச்சுன்னு...

– பெட்டி ஒண்ணும் விழல. அந்த பிப்ரவரி ரொம்ப மோசம், ஐலா. ஒரு ராத்திரி அந்த மாடிப்படிக் கதவையும் ரிப்பேர் பண்ணிப் பூட்டிட்டாங்க. காலையில ஹெல்விதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. குளிர்ல செத்துப்போன ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

– கடவுளே. அந்தக் காலுக்கு நான் எத்தனை வருஷமா காலுறை பின்னிக் கொடுத்திருக்கேன்... ஏன்டா வீட்டுக்கு வரல? வீடுன்னு ஒண்ணு இல்லையா உனக்கு? அடுப்பு இருந்தது, கட்டில் இருந்தது, நான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்து கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?

– வரத்தான் நினைச்சேன். கால்ல கட்டோட வெளியே வந்த அன்னைக்கே ஹெல்வி டிக்கெட் எடுத்துத் தரேன்னு சொன்னா. சரின்னேன். ஞாயித்துக்கிழமை உனக்கு போன் பண்ணிச் சொல்லிட்டுக் கிளம்பலாம்னு இருந்தேன்.

– பண்ணியா?

– பண்ணினேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ ஆரம்பிச்சுட்ட. கடையில உன் பேச்சுதான், சர்ச்சுல உன் பேச்சுதான், மில் மூடினதும் தலையில கை வெச்சு உட்காராம கிளம்பின ஒரே ஆம்பளை ரைமோதான்னு ஊரே சொல்லுது, மில் மேனேஜர்கூட நிறுத்தி விசாரிச்சார்னு. உன் குரல்ல அப்படி ஒரு பூரிப்பு. அந்த ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சியோட நொண்டிட்டு வந்து இறங்கறது? டிக்கெட் வேணாம்னு ஹெல்விகிட்ட சொல்லிட்டேன். பனி உருகி, எங்கயாவது நாலு நாள் வேலை பார்த்து, ஒரு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வரலாம்னு இருந்துட்டேன்.

– ரைமோ.

– அழாதே. இப்ப எதுக்கு அழற? உன் மேல தப்பு என்ன இருக்கு? ஊர் சொன்னதை நீ சொன்ன.

– ஊர்ல உன்னைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசல, ரைமோ. தனியா கிடக்கற, உனக்குத் தெம்பா இருக்கட்டுமேன்னு வாரா வாரம் நானா இட்டுக்கட்டிச் சொன்னது அத்தனையும்.